பேண்டு உடைஞ்சா பேரு யாருக்கு?



வழக்கமா இந்தப் பக்கத்துல நாலைஞ்சு ஆல்பங்களைப் புரட்டிப் போட்டுப் பார்ப்போம். இந்த வாரம் ஒண்ணே ஒண்ணுதான். காரணம், எலவனாசூர்கோட்டையில் இருந்து வந்திருக்கும் ஒரு கடிதம். எழுதியிருப்பவர் இன்ஜினீயரிங் ஃபைனல் இயர். பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார். போடலை. கடிதத்தை மட்டும் கொஞ்சம் சுருக்கித் தர்றேன்.

‘அண்ணா, ஹாஸ்டல்ல நாலு பேர் சேர்ந்து ஒரு த்ராஷ் மெட்டல் பேண்ட் வெச்சிருந்தோம். பேஸ் கிட்டாரும் நான்தான், பாட்டும் நான்தான். ரெண்டு கல்ச்சுரல்ஸ்ல வாசிச்சோம். ஒண்ணுல மூணாவது பாட்டுலயே ஸ்பீக்கரை ஆஃப் பண்ணிட்டாங்க. இப்ப டிரம்மருக்கு புனேல வேலை கிடைச்சு கிளம்பிட்டான். கிட்டாரிஸ்ட்டுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவன் வேற ஒருத்தனைப் பாட வெச்சு, அதே பேர்ல ஷோ பண்றான். அந்தப் பேரை வெச்சதே நான். இந்தக் கடுப்புல இருக்கும்போதுதான் டிஸ்ட்ரக்‌ஷனோட புது ஆல்பம் கேட்டேன். பழைய ஆளு ஒரே ஒருத்தர்தான் மிச்சம். இதை டிஸ்ட்ரக்‌ஷன்னு எப்படிண்ணா ஒத்துக்கறது? உடைஞ்சு சேர்ற பேண்டெல்லாம் காசுக்காகத்தானே சேருது?’

தம்பி ரெண்டு கேள்வி கேட்ட மாதிரி இருக்கும். உத்துப் பார்த்தா ஒரே கேள்விதான். பேண்டுன்னா யாரு? வாசிக்கிற ஆளா, பேரா, இல்ல அந்த சத்தமா?

‘அண்ணே, முதல்ல டிஸ்ட்ரக்‌ஷன்னா யாருண்ணே?’ன்னு பின் பெஞ்ச்ல இருந்து ஒரு குரல். வர்றேன், வர்றேன்.

ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் வைல் ஆம் ரைன் என்று ஓர் ஊர். ஒரு பக்கம் பிரான்ஸ், இன்னொரு பக்கம் சுவிட்சர்லாந்து. பெரிய நகரம் எதுன்னு கேட்டா, எல்லை தாண்டி இருக்கும் பாசலைத்தான் கை காட்டணும். 1982ல் அந்தப் பக்கத்துப் பள்ளி வயசுப் பசங்க சிலர் சேர்ந்து ஆரம்பிச்ச பேண்ட் அது. முதலில் ‘நைட் ஆஃப் டீமன்’னு பேர் வெச்சு, பிறகு டிஸ்ட்ரக்‌ஷன்னு மாத்தினாங்க. கிட்டார், மைக் சிஃப்ரிங்கர். டிரம்ஸ், டாமி சாண்ட்மன். பேஸும் பாட்டும் மார்செல் ஷிர்மர். இவரை உலகம் முழுக்க ‘ஷ்மியர்’னுதான் கூப்பிடுவாங்க. அதே நேரத்தில் வடக்கே எசன் நகரத்தில் க்ரியேட்டர், கெல்சன்கிர்ஷனில் சோடம் என்று ரெண்டு பேண்டுகள் கிளம்பியிருந்தன. இந்த மூணையும் சேர்த்துத்தான் ஜெர்மன் த்ராஷின் மும்மூர்த்திகள்னு சொல்வாங்க. ஃப்ராங்க்ஃபர்ட்டின் டாங்கார்டையும் சேர்த்து நால்வர்னு கணக்கு வைக்கிறவங்களும் உண்டு. சோடமின் பாடகர் டாம் ஏஞ்சல்ரிப்பர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சும்மா இமேஜுக்காகச் சொல்ற கதையில்லை, நிஜமாவே சுரங்கத் தொழிலாளி. ஆக, இந்த இசை பிறந்தது மெட்ரோ சிட்டி ஏ.சி. ரூம்ல இல்ல. கரும்பு லோடு டிராக்டருக்கு ஒதுங்கி நின்னு பஸ் பிடிக்கிற நம்ம ஆளுங்களுக்கு இது ஒண்ணும் அந்நியமா இருக்கத் தேவையில்லை.

த்ராஷ்னா என்னன்னு ரெண்டு வரி. பழைய ஹெவி மெட்டலின் கிட்டார் வேலைப்பாட்டை எடுத்து, அதில் பங்க் ராக்கின் வேகத்தையும் கோபத்தையும் ஊத்தினா வர்றது. கிட்டார்ல ஒரு சின்ன வாசகம் திரும்பத் திரும்ப வரும், அதுக்குப் பேரு ரிஃப். வலது உள்ளங்கையோட ஓரத்தை கம்பி மேல லேசா வெச்சு அழுத்திக்கிட்டே அடிச்சா, ‘டங்’னு நீளாம ‘ஜக்... ஜக்... ஜக்’னு வெட்டி வெட்டி விழும். அதை அசுர வேகத்தில் செய்யணும். பின்னாடி டிரம்மர் ரெண்டு காலாலும் பேஸ் டிரம்மை மிதிச்சுத் தள்ளணும். காதுக்குப் பழகாதவங்களுக்கு இரைச்சல். பழகினவங்களுக்கு... திருவிழாவில் பம்பைக்காரர் உச்சத்துக்குப் போகும்போது மெய்மறந்து நிப்பீங்களே, அப்போ அதை இரைச்சல்னா சொல்றீங்க?

டிஸ்ட்ரக்‌ஷனின் தனி அடையாளம், மூணே பேர், ஒரே கிட்டார். 1984ல் ‘சென்டென்ஸ் ஆஃப் டெத்’, 1985ல் ‘இன்ஃபெர்னல் ஓவர்கில்’, 1986ல் ‘எடர்னல் டெவஸ்டேஷன்’. ரெக்கார்டிங் தரம் சுமார்தான், தகர டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும். ஆனா சிஃப்ரிங்கரின் ரிஃப்கள் இருக்கே... ஊசி மாதிரி மெலிசா, கோணல்மாணலா, அடுத்து எந்தப் பக்கம் திரும்பும்னு கண்டுபிடிக்கவே முடியாது. அதுக்கு மேல ஷ்மியரின் அந்தக் கத்தல், நடுநடுவே கீச்சுன்னு ஒரு உச்சஸ்தாயி. அவர் கீச்சும் இவர் ரிஃப்பும் சேர்ந்தாத்தான் டிஸ்ட்ரக்‌ஷன். இதை மனசுல வெச்சுக்கங்க. பின்னாடி வேணும்.

1987ல் டிரம்மர் சாண்ட்மன் விலகினார். கூடுதலா இன்னொரு கிட்டாரிஸ்ட்டைச் சேர்த்து, ‘ரிலீஸ் ஃப்ரம் அகோனி’னு கொஞ்சம் கனமான, சிக்கலான ஆல்பம் போட்டாங்க. 1989ல் ஷ்மியருக்கும் மத்தவங்களுக்கும் ஒத்துவராமல் போச்சு. பிரிஞ்சாங்க. பேண்டின் பேரு சிஃப்ரிங்கர் பக்கம் நின்னுது. 1990ல் ‘க்ராக்டு ப்ரெய்ன்’ ஆல்பத்துக்கு வேற பேண்டில் இருந்து ஒரு பாடகரை வெச்சு ஒப்பேத்தினாங்க.

தம்பி, கவனிச்சீங்களா? பேஸ் வாசிச்சுக்கிட்டே பாடினவர் வெளியே. கிட்டாரிஸ்ட் அதே பேர்ல உள்ளே. பாட வேற ஆள். உங்க கதைதான், 35 வருஷம் முன்னாடியே ஜெர்மனியில் ரிலீஸ் ஆயிடுச்சு.

சரி, வெளியே போன ஷ்மியர் என்ன பண்ணினார்? ‘ஹெட்ஹன்டர்’னு இன்னொரு பேண்ட் ஆரம்பிச்சு 1990 முதல் 1994க்குள் மூணு ஆல்பம் போட்டார். நல்ல ஆல்பங்கள்தான், பெரிசா எடுபடலை. அமெரிக்காவில் க்ரன்ஜ் அலை அடிச்சு, த்ராஷையே பழைய இரும்புக்குப் போட்டிருந்த நேரம். அப்புறம் மனுஷன் பீட்சா கடை நடத்தினார். ஆமாங்க, மாவு பிசைஞ்சு அடுப்பில் வைக்கிற அதே பீட்சா கடை. எனக்கு இந்த மனுஷனைப் பிடிக்கறதுக்குப் பாதிக் காரணம் அதுதான்.

உள்ளே இருந்தவங்க நிலைமை அதைவிட மோசம். பேரைக் கையில் வெச்சுக்கிட்டு, 90களின் ட்ரெண்டுக்கு ஏத்த மாதிரி வேகத்தைக் குறைச்சு, வேற பாடகரோட ரெண்டு சின்ன ரெக்கார்டும் 1998ல் ஒரு முழு ஆல்பமும் சொந்தமா வெளியிட்டாங்க. அந்த முழு ஆல்பத்தின் பேரைத் தமிழ்ல சொன்னா ‘கொஞ்சமும் தேறாத மனித பீரங்கிக் குண்டு’ன்னு வரும். தனக்குத் தானே விமர்சனம் எழுதிக்கிட்ட ஒரே ஆல்பம் இதுவாத்தான் இருக்கும்! ரசிகர்கள் அந்தக் காலகட்டத்துக்கு ‘நியோ டிஸ்ட்ரக்‌ஷன்’னு பேர் வெச்சுத் தனியா ஒதுக்கிட்டாங்க. பின்னாடி பேண்டே அந்த ரெக்கார்டுகளைத் தங்கள் கணக்கில் சேர்க்கிறதில்லைன்னு ஆயிடுச்சு. சட்டப்படி பார்த்தா பேரு அவங்களுதுதான். கவர்ல அச்சடிச்சும் இருக்கு. ஆனா கேட்கிற ஜனம் ஒத்துக்கலை.

இதைப் புரிஞ்சுக்க ஜெர்மனி வரைக்கும் போகத் தேவையில்லை. எலவனாசூர்கோட்டை பக்கத்தில் பிறந்த ஆளுக்கு ‘ஜமா’ன்னா என்னன்னு நான் பாடம் எடுக்க முடியுமா? தெரியாத சிட்டி வாசகர்களுக்காகச் சொல்றேன். தெருக்கூத்துக் குழுவுக்குப் பேரு ஜமா. அதை நடத்துறவர் வாத்தியார். விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழான்னா விடிய விடிய கூத்து இருக்கும். ஜமாவுக்குள்ள மனஸ்தாபம் வரும், முக்கிய வேஷக்காரர் ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வெளியே போய் புது ஜமா கட்டுவார். ஊர்க்காரங்க அடுத்த வருஷம் யாருக்கு வெத்தலைப் பாக்கு வெச்சு அட்வான்ஸ் கொடுக்கறதுன்னு உட்கார்ந்து பேசுவாங்க. 2024ல் பாரி இளவழகன் இயக்கி நடிச்ச ‘ஜமா’ படம், இளையராஜா இசை, பார்த்திருப்பீங்க. அப்பா ஆரம்பிச்ச ஜமா இன்னொருத்தர் கையில் இருக்கும். மகன் அதுக்கு வாத்தியார் ஆகணும்னு தவிப்பான். அந்தப் படத்தின் மொத்தச் சண்டையும் உங்க கடிதத்தில் இருக்கிற கேள்விதான். ஜமா யாருது? ஆரம்பிச்சவருதா, இப்ப கட்டிக் காப்பாத்துறவருதா, இல்ல நல்லா ஆடுறவருதா?

கூத்துல இதுக்கு ஒரு தீர்ப்பு முறை உண்டு. விடியற்காலை நாலு மணிக்குக் கூட்டம் இருக்கா, கலைஞ்சிருச்சா? அவ்வளவுதான்.

மறுபடி ஜெர்மனிக்கு வாங்க. 1999ல் ஷ்மியரும் சிஃப்ரிங்கரும் மறுபடியும் கைகோத்தாங்க. டிரம்ஸுக்கு ஸ்வென் ஃபோர்மன்னு ஒரு புது ஆள். மறுபடியும் மூணு பேர், ஒரே கிட்டார். 2000ல் வந்த ஆல்பம், ‘ஆல் ஹெல் ப்ரேக்ஸ் லூஸ்’. ஸ்வீடனில் பீட்டர் டேக்ரனின் அபிஸ் ஸ்டூடியோவில் பண்ணினது.

சேர்ந்த பேண்டின் முதல் ஆல்பத்துக்கு ஒரு விசித்திரமான வேலை இருக்கு. வெறும் நல்ல பாட்டு போட்டாப் போதாது. ‘நாங்கதான் அது’ன்னு நிரூபிக்கணும். அதனால இவங்க என்ன பண்ணினாங்க பாருங்க. 1984ல் அவங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பாட்டு ‘மேட் புச்சர்’, அதாவது பைத்தியக்காரக் கசாப்புக்காரன். 2000 ஆல்பத்தில் ‘த புச்சர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’னு ஒரு பாட்டு. கசாப்புக்காரன் திரும்பி வந்துட்டான்! வில்லனை ரெண்டாம் பாகத்தில் உயிரோடு கூட்டி வர்ற நம்ம ஊர் சினிமா டெக்னிக்தான். சிரிப்பா இருந்தாலும், போட்டுக் கேளுங்க. ரிஃப் விழுந்த பத்தாவது செகண்டில் சிரிப்பு நின்னுடும்.

குறை இல்லையான்னா, இருக்கு. பழைய தகர டப்பா சத்தத்தில் ஒரு விஷம் இருந்தது. அபிஸ் ஸ்டூடியோவின் தடிமனான, பளபளப்பான சத்தத்தில் சிஃப்ரிங்கரின் ஊசி ரிஃப்கள் கொஞ்சம் மழுங்கித்தான் போச்சு. ஊசி கடப்பாரை ஆயிடுச்சு. என் ஓட்டு அடுத்த வருஷம், 2001ல் வந்த ‘த ஆன்டிகிரைஸ்ட்’ ஆல்பத்துக்குத்தான். நிரூபிக்க வேண்டிய அவசரம் அதில் இல்லை. ‘த்ராஷ் டில் டெத்’, ‘நெயில்டு டு த க்ராஸ்’னு முதல் ரெண்டு பாட்டிலேயே ஆளை ஓரமா உட்கார வெச்சிடுவாங்க.

‘காசுக்காகத்தானே?’ன்னு கேட்டீங்க. காசும் இருந்திருக்கும். அதில் என்ன தப்பு? கூத்துக்காரர் அட்வான்ஸ் வாங்காமலா வேஷம் கட்டுறார்? காசுக்காக மட்டும் சேர்ந்திருந்தா ரெண்டு மூணு வருஷம் பழைய பாட்டை வாசிச்சு, கல்லாவை நிரப்பிட்டு, பீட்சா கடைக்கே திரும்பியிருக்கலாம். இவங்க ரெண்டு பேரும் அதுக்கப்புறம் 20 வருஷத்துக்கு மேல, வரிசையா ஆல்பம் போட்டுக்கிட்டே இருந்தாங்க. முதல் தடவை சேர்ந்திருந்தது ஏழு வருஷம். ரெண்டாவது தடவை அதைப் போல மூணு மடங்கு. கல்யாணத்துல கூட இப்படி நடக்கிறதில்லை பாஸ்!

கதை அங்கேயே முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். 2021ல் சிஃப்ரிங்கர் பேண்டில் இல்லைன்னு அறிவிப்பு வந்தது. 1982ல் இருந்து ஒரு நாள் கூட வெளியே போகாத ஆள். ஷ்மியர் இல்லாத பத்து வருஷமும் பேரைப் பிடிச்சுக்கிட்டு நின்ன ஆள். அவர் போயிட்டார். 1989ல் பிரிஞ்சு போனவர் கையில் இப்ப பேரு.

பாட்டன் காலத்து அரிவாள்னு பெருமையா வெச்சிருப்போம். பிடி மூணு தடவை மாத்தியிருப்போம், இரும்பு ரெண்டு தடவை மாத்தியிருப்போம். ஆனாலும் பாட்டன் அரிவாள்தான். அது அரிவாளுக்குச் சரி. ரிஃப்புக்குச் சரிவருமா?

இப்பத்தான் உங்க கேள்விக்குரிய ஆல்பம். ‘பர்த் ஆஃப் மாலிஸ்’, 2025 மார்ச்சில் நபாம் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. ஷ்மியருக்கு அறுபது வயசு நெருங்கிட்டிருக்கு. அவரைத் தவிர மத்த மூணு பேரும் ஜெர்மன்காரங்க இல்லை. ஒரு கிட்டார், டாமிர் எஸ்கிச், சுவிட்சர்லாந்து. இன்னொரு கிட்டார், மார்ட்டின் ஃபூரியா, அர்ஜென்டினா. டிரம்ஸ், ராண்டி ப்ளாக், கனடா. ஒரு கிட்டார் பேண்ட் ரெண்டு கிட்டார் பேண்டா ஆனது 2019லயே நடந்துடுச்சு. சிஃப்ரிங்கர் இல்லாத முதல் ஆல்பம் 2022ல் வந்த ‘டயபாலிக்கல்’. இது ரெண்டாவது.

முன்னுரை மாதிரி ஒரு சின்ன இசை முடிஞ்சதும் வர்ற முதல் பாட்டோட பேரு என்ன தெரியுமா? ‘டிஸ்ட்ரக்‌ஷன்’. பேண்டோட பேரே பாட்டு. 40 வருஷத்துக்கு மேல ஆகுது, இத்தனை ஆல்பம் வந்தாச்சு, இப்ப வந்து தன் பேரையே கோரஸா கத்துறாங்க. ரிஃப் போட்ட மனுஷன் உள்ளே இருந்தவரைக்கும் பேரைச் சொல்லிக்க வேண்டிய அவசியம் வரலை. கிட்டார் கம்பி விழுந்த உடனே யாருன்னு தெரிஞ்சுடும். இப்ப வாயால சொல்ல வேண்டியிருக்கு. இது என்னோட வியாக்கியானம்தான். ஷ்மியர் கேட்டா அடிக்க வரலாம்.

ஆனா நேர்மையா சொல்றேன், ஆல்பம் மோசமில்லை. அந்தப் பாட்டும் மேடைக்குன்னே செஞ்ச மாதிரி கச்சிதமா இருக்கு. ‘நோ கிங்ஸ் நோ மாஸ்டர்ஸ்’ பாட்டில் ஷ்மியரின் தொண்டையைக் கேட்டா வயசைச் சொல்லவே முடியாது. ‘ஆங்ஸ்ட்’னு ஒண்ணு, ஜெர்மன் மொழியில் பயம்னு அர்த்தம், வேகத்தைக் குறைச்சு நசுக்குது. எஸ்கிச்சின் சோலோக்கள் சுத்தம். ரொம்பவே சுத்தம். சிஃப்ரிங்கர் வாசிச்சா இந்த இடத்தில் வழுக்கி எங்கேயோ போய் விழுந்து எழுந்து வருவாரேன்னு ஏக்கமா இருக்கும். நடுவில் ரெண்டு மூணு பாட்டு ஒண்ணு போலவே ஓடிப் போகுது. நான் பஸ்ஸில் கேட்டேன், எங்கே மாறிச்சுன்னே தெரியலை.

கடைசிப் பாட்டு மட்டும் அவங்களுது இல்லை. ‘ஃபாஸ்ட் ஆஸ் எ ஷார்க்’. ஆக்செப்ட்னு இன்னொரு ஜெர்மன் பேண்ட் 1982ல் போட்டது. பழைய நாட்டுப்புறப் பாட்டு ரெக்கார்டு ஒண்ணு ஓடிக்கிட்டிருக்கும், ஊசி க்ரீச்சுன்னு கீறும், அப்புறம் புயல். அந்த வேகத்தில் அதுக்கு முன்னாடி ஜெர்மனியில் கேட்டவங்க குறைவு. 1982, ஞாபகம் இருக்கா? இவங்க பேண்ட் ஆரம்பிச்ச அதே வருஷம். கூட ஆரம்பிச்சவங்க யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில், எல்லாரும் சேர்ந்து வாயைப் பிளந்து கேட்டிருக்கக்கூடிய பாட்டை எடுத்து, மூணு வெளிநாட்டுக்காரங்களோட வாசிக்கிறார். எனக்கு அந்த இடத்தில் கொஞ்சம் தொண்டை அடைச்சுது. த்ராஷ் ஆல்பத்துக்குத் தொண்டை அடைச்சவன்னு என்னைக் கிண்டல் பண்ணாதீங்க.

ஆக தம்பி, இது டிஸ்ட்ரக்‌ஷனான்னா... பேரு அதுதான், குரல் அதுதான், கை அது இல்லை. 1990ல் கை இருந்தது, குரல் இல்லை. அதை ஜனம் ஒத்துக்கலை. இப்ப குரல் இருக்கு, கை இல்லை. இதை ஓரளவு ஒத்துக்குது. ஏன்? குரல் பெரிசு, கை சின்னதுங்கிற கணக்கில்லை. 90களில் உள்ளே இருந்தவங்க அந்த சத்தத்தையே விட்டுட்டுப் போனாங்க. இப்ப இருக்கிற வெளிநாட்டுக்காரங்க மூணு பேரும் அந்த சத்தத்துக்காகத்தான் வந்து சேர்ந்திருக்காங்க. வாத்தியார் மாறினாலும் அதே அடவு, அதே பாட்டுன்னா ஊர் பாய் விரிச்சு உட்காரும். அதே வாத்தியார் சினிமாப் பாட்டுக்கு ஆடினா எழுந்து போயிடும்.

இன்னொரு கோணத்துக்கு நம்ம பக்கத்து ஊரைப் பார்ப்போம். பெங்களூரில் 1998ல் ஆரம்பிச்ச ‘க்ரிப்டோஸ்’. த்ராஷும் பழைய ஹெவி மெட்டலும் கலந்த பேண்ட். 2004ல் ‘ஸ்பைரல் அசென்ட்’, 2008ல் ‘தி ஆர்க் ஆஃப் ஜெமினி’. 2010ல் ஐரோப்பா டூர். 2013ல் ஜெர்மனியின் வாக்கன் திருவிழா மேடை. 2016ல் ‘பர்ன் அப் த ஸ்கை’யில் இருந்து 2024ன் ‘டெசிமேட்டர்’ வரைக்கும் அவங்க ஆல்பங்களை வெளியிடுறது ஏ.எஃப்.எம். ரெக்கார்ட்ஸ் என்கிற ஜெர்மன் கம்பெனி. இந்தியாவில் இருந்து ஜெர்மனிக்கே போய் மெட்டல் விக்கறாங்க, திருநெல்வேலிக்கே அல்வா மாதிரி! இந்தப் பேண்டிலும் டிரம்மர் மாறினார், பேஸ் மாறினார். நோலன் லூயிஸ்னு ஒருத்தர், கிட்டாரும் அந்தக் கரகரப்பான குரலும், 1998ல் இருந்து நகரவே இல்லை. டிஸ்ட்ரக்‌ஷன் மாதிரி உடைஞ்சு சேர்ந்த டிராமா எதுவும் கிடையாது. ஆள் போனா இன்னொரு ஆள், ஆனா ரிகர்சல் நிக்காது. ‘டெசிமேட்டர்’ கேளுங்க. ரெண்டு கிட்டாரும் ஜோடியா ஒரே மெட்டைப் பிடிச்சுக்கிட்டுப் போறது நாதஸ்வர ஜோடி மாதிரி அவ்வளவு ஒட்டுதல்.

சேலம்-உளுந்தூர்பேட்டை ரோடு உங்க ஊர் வழியாத்தானே போகுது? சேலம் போய் மாறினா பெங்களூர். அந்த ஊர் பேலஸ் கிரவுண்ட்ஸில் 2007ல் அயர்ன் மெய்டன், 2011ல் மெட்டாலிக்கா. 2012ல் க்ரியேட்டர் கூட பெங்களூர் வந்து வாசிச்சிட்டுப் போயிட்டாங்க. சென்னையும் ஒண்ணும் குறைச்சல் இல்லை, 2009ல் ஐ.ஐ.டி. சாரங் விழாவில் ஓபெத் வாசிச்சாங்க. காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல ஸ்பீக்கரை ஆஃப் பண்றவங்களும் உண்டு, ஓபெத்தைக் கூட்டி வர்றவங்களும் உண்டு!

சரி, உங்க பிரச்னைக்கு வர்றேன். நீங்க வெச்ச பேரு, அவர் கையில். சட்டம் என்ன சொல்லுதுன்னு தெரிஞ்சுக்கறது நல்லது. பேரு வேற, பாட்டு வேற. பேரு ட்ரேட் மார்க் சமாச்சாரம். கேளிக்கை சேவைக்குன்னு 41ம் வகுப்பில் பதிவு பண்ணலாம். பதிவு இல்லைன்னாலும், யார் முதலில் இருந்து தொடர்ந்து பயன்படுத்தினாங்கங்கிறதுக்கு மதிப்பு உண்டு. நாலு பேரும் சேர்ந்து பயன்படுத்தினப்போ, வெச்சது யாருன்னு மட்டும் சொல்லி ஜெயிக்கிறது கஷ்டம். ரெண்டு கல்ச்சுரல்ஸ் வாசிச்ச பேருக்காக வக்கீல் ஆபீஸ் படியேறாதீங்க.

பாட்டு அப்படியில்லை. நீங்க எழுதின வரிக்கும், போட்ட மெட்டுக்கும் 1957ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி உங்களுக்கு உரிமை இருக்கு. எங்கேயும் பதிவு பண்ணாமலே இருக்கு. 2012ல் வந்த திருத்தம் மெட்டு போட்டவருக்கும் பாட்டு எழுதினவருக்கும் ராயல்டி விஷயத்தில் இன்னும் பலம் கொடுத்தது. ஸோ, ஒரு நோட்டில் உட்கார்ந்து எழுதுங்க. எந்தப் பாட்டு, வரி யாரு, ரிஃப் யாரு, எந்த மாசம். நேர்மையா எழுதுங்க. ரிஃப் அவர் போட்டதுன்னா அவர் பேரைப் போடுங்க. அதை ஃபோட்டோ எடுத்து நாலு பேருக்கும் அனுப்புங்க, பேச்சுவார்த்தை இல்லாதவருக்கும் சேர்த்து. இந்த வேலையை மத்த காலேஜ் பேண்டுகள் சண்டை வர்றதுக்கு முன்னாடியே, ஒரு டீ சாப்பிடுற நேரத்தில் முடிச்சிடலாம். ஆம்ப்ளிஃபயர் யாரு காசில் வாங்கினதுன்னும் கூடவே எழுதிடுங்க. பாதி பேண்டுகள் உடையறது அதில்தான்!

அப்புறம், புதுப் பேரு வைங்க. ஷ்மியர் ஹெட்ஹன்டர்னு வெச்ச மாதிரி. அது ஓடலைன்னாலும் பரவாயில்லை. அந்தப் பத்து வருஷத்தில் அவர் தொண்டை துருப்பிடிக்கலை. அதனாலதான் 1999ல் சேரும்போது சேர முடிஞ்சது. புனே போன டிரம்மர் தீபாவளிக்கு ஊருக்கு வருவார் இல்லையா? கிட் இல்லைன்னா பரவாயில்லை, தலையணையில் அடிக்கட்டும். போன் பண்ணி டேட் வாங்கி வைங்க.

கிட்டாரிஸ்ட் விஷயம்... 35 வருஷத்துக்கு முன்னாடி அந்த ரெண்டு பேருக்கும் நடந்ததை மேலே படிச்சிட்டீங்க. சோடமில் கூட, ஃப்ராங்க் ப்ளாக்ஃபயர்னு ஒரு கிட்டாரிஸ்ட் 1989ல் கிளம்பிப் போய், க்ரியேட்டரில் எல்லாம் வாசிச்சிட்டு, 2018ல் திரும்பி வந்தார். வாசல்ல நின்னவரைப் பார்த்து ஏஞ்சல்ரிப்பர் கதவைச் சாத்தலை.

நான் சொல்ற வரிசையில் கேளுங்க. முதலில் 1985 ‘இன்ஃபெர்னல் ஓவர்கில்’. அப்புறம் நேரா 2001 ‘த ஆன்டிகிரைஸ்ட்’. கடைசியில் 2025 ‘பர்த் ஆஃப் மாலிஸ்’. ராத்திரி ஹெட்ஃபோன் போட்டுக்கங்க, வீட்ல அம்மா தூங்கட்டும். மூணும் முடிஞ்சதும் எது டிஸ்ட்ரக்‌ஷன், எது இல்லைன்னு ஒரு போஸ்ட் கார்டுல எழுதிப் போடுங்க. புதுப் பேண்டுக்கு என்ன பேர் வெச்சீங்கன்னும்.